ரோஸ் வீடு

கதவைச் சாத்திருதேன் தம்பி. தப்பா எடுத்துக்கிடாதிய. அந்தக் கலர் அட்டையை மட்டும் கொஞ்சம் மடியில வச்சிக்கிடுங்க, ஜன்னல் வழியாத் தெரியும். தெருவுல போறவளுக கண்ணு பூராவும் இந்த வீட்டு மேலதான். நீங்க பெயிண்ட் விஷயமா வந்திருக்கியன்னு மட்டும் தெரிஞ்சிது, அப்புறம் இந்த ஊர்ல நான் தலைகாட்ட முடியாது.

யாராவது கேட்டா ரூம் பாக்க வந்தேன்னு சொல்லுங்க. சரியா? காப்பியைக் குடிங்க.

நீங்க சொல்லுதது எனக்குப் புரியாம இல்ல. ரோஸ் கலரு போட்டோவுல எடுபடல. வெள்ளைச் சுவரு, நீலக் கதவு, நீல ஜன்னல், அப்படி இருந்தா ஃபோன்ல பாக்குறவன் உடனே புக் பண்ணுவான். அதானே? உங்களுக்கு முன்னாடி வந்த ரூம் புக்கிங் கம்பெனிப் பையனும் இதையேதான் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டு ஒரு தடவை அடிச்சேன். ரொம்ப நாள் நிக்கல அந்த வெள்ளை. ஏன் நிக்கலன்னு சொல்லுதேன், கேட்டுட்டு அப்புறம் நீங்களே சொல்லுங்க, என் மேல ஏதாவது தப்பு இருக்கான்னு.

ஊரைப் பாத்தியள்லா? இப்ப கடற்கரை பூரா காப்பிக் கடையும் பலகைச் சவாரியும்தான். அலை மேல பலகையைப் போட்டு ஏறி நிக்கிறதுக்கு பெங்களூர்லருந்து வாராவ, வெளிநாட்டுலருந்து வாராவ. முன்னாடி இது சுத்தமா மீன்பிடி ஊரு. கருவாடு காயப்போட்ட இடத்துலதான் இப்ப குடையை நட்டு வச்சிருக்கான். நான் குறை சொல்லல. அவங்க வந்துதான் எங்களுக்கு மாடி வந்துச்சு, மாடி வந்துதான் மகளைக் கட்டிக் குடுத்தோம். வாறவங்களை வேண்டாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

ஆனா இந்த ஊருக்கு ஒரு கிரகம் இருக்கு. கரைக்கு முன்னால கடலுக்குள்ள நீளமா ஒரு பாறை வரிசை. பாருன்னு சொல்லுவோம். அதுல ஒரே ஒரு இடத்துல இடைவெளி. வள்ளம் போக வர அதுதான் வழி, அதுக்குப் பேரே வாசல். கடல் சும்மா கிடக்கும்போது பாறை மேல அலை உடையுறது தெரியும், விலகி வந்திரலாம். கடல் ஏறிருச்சுன்னா எல்லா இடமும் ஒரே வெள்ளை நுரை. வாசல் எது, பாறை எதுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதனால அடையாளம் வச்சுத்தான் வருவாவ. எங்க வீட்டுக்குப் பின்னால தெருக்கோடியில கோயில் சிலுவை இருக்குல்லா, அது எங்க வீட்டு மேல ஏறி நின்னமாதிரி தெரியணும். சிலுவையும் ரோஸ் வீடும் ஒண்ணுக்குமேல ஒண்ணு. அப்ப வள்ளம் வாசலுக்கு நேரா இருக்குன்னு அர்த்தம். எங்க மாமனார் கட்டின வீடு இது. அவரு காலத்துலருந்தே ரோஸ்தான். அப்ப வேற அடையாளமும் இருந்துச்சு. ரெட்டைப் பனை இருந்துச்சு, ஐஸ் கம்பெனி புகைக்கூண்டு இருந்துச்சு. பனையை ரிசார்ட்காரன் வெட்டிட்டான், ஐஸ் கம்பெனியை இடிச்சிட்டு அங்க நீச்சல்குளம் கட்டிருக்கான். கடலுக்கு எதுக்க நீச்சல்குளம், பாத்துக்கிடுங்க.

ஊர்ல ஒரு கட்டுப்பாடும் உண்டு. கடல்லருந்து கண்ணுக்குத் தெரியுற எதைத் தொட்டாலும் கோயில் மைக்குல சொல்லணும். அதுவும் எல்லா வள்ளமும் கரையில நிக்கும்போதுதான் கை வைக்கணும். ஒரு மரத்தை வெட்டினாலும் சரி, ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சாலும் சரி. ரிசார்ட்காரன் பனையை வெட்டும்போது மைக்குல சொன்னானா? சொல்லல. அவனை யாராவது கேட்டாவளா? கேக்கல. ஆனா நம்மளைன்னா கேப்பாவ.

நான் வெள்ளை அடிச்ச வருசம், டிசம்பர் மாசம். கிறிஸ்துமஸ் லீவுக்கு ரூம் நிறையணும்னு எனக்கு ஒரே ஆசை. எங்க வீட்டுக்காரவிய, கயத்தான்னு பேரு, வரும்போது கடற்கரையில நீங்க பாத்திருப்பிய, பேசாம உக்காந்திருப்பாவள்லா, அவிய அப்ப கடலுக்குப் போயிட்டிருந்தாவ. அவிய வள்ளம் ஒண்ணு, அவிய தம்பி தொம்மை வள்ளம் ஒண்ணு. ஊர்ல மத்த வள்ளத்தோட சேந்து தங்கலுக்குப் போயிட்டாவ. தங்கல்னா கடல்லயே ரெண்டு மூணு நாள் கிடந்து பிடிச்சிட்டு வாறது. அவிய இருந்தா அடிக்க விடமாட்டாவ. எங்கப்பா அடிச்ச கலருன்னு சொல்லுவாவ. சரி, வந்து பாத்துட்டு சந்தோசப்படட்டும்னு தூத்துக்குடிலருந்து பெயிண்டர்மாரைக் கூட்டிட்டு வந்து வேலையை முடிச்சிட்டேன்.

மைக்குல சொல்லணும்னு எனக்குத் தோணாம இல்ல. சொன்னா உடனே ஊரே கூடும். ஆளுக்கு ஒரு நியாயம் பேசும். வீடு என்னது, பெயிண்ட் என்னது. அப்புறம் இப்பத்தான் எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கே, ஜிபிஎஸ் இருக்கே, வீட்டைப் பாத்து யாரு வாறான்னு நினைச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பிய.

வீடு அழகா இருந்துச்சு தம்பி. சத்தியமாச் சொல்லுதேன், சினிமால வார வீடு மாதிரி இருந்துச்சு. மாடியில அப்ப ஒரு குடும்பம் தங்கியிருந்துச்சு, அந்தப் பொண்ணு கீழ இறங்கி ரோட்டுல நின்னு போட்டோ எடுத்துச்சு. ஆன்ட்டி சூப்பர்னு சொல்லிச்சு.

மறுநாளு மதியம் காத்து திரும்பிருச்சு. காத்தழுத்தம், கடலுக்குப் போனவங்க உடனே கரைக்கு வாங்கன்னு மைக்குல சொல்லச் சொல்ல மழை இறங்கிருச்சு. வாடைக்காத்து. தூறல்னாலும் கண்ணைத் தொறக்க முடியல. கடலைப் பாத்தேன். கரையிலருந்து பாரு வரைக்கும் பச்சைத் தண்ணியே இல்ல, பூரா நுரை.

ஊர்ல இருக்க அத்தனை பொம்பளையும் கரைக்கு வந்தாச்சு. நானும் போனேன். என் பக்கத்துல பவுலினா. தொம்மை பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. முக்காட்டைப் போட்டுக்கிட்டு ஜெபமாலையை உருட்டிட்டே நிக்கா. வள்ளமெல்லாம் பாருக்கு வெளிய வந்து நிக்கிது. வந்துட்டாவன்னு எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. ஆனா உள்ள வரல. தெக்க கொஞ்சம் போகுது, வடக்க கொஞ்சம் வருது. மூக்கை இந்தப் பக்கம் திருப்புது, மறுபடியும் கடலைப் பாத்துத் திருப்புது. நான் பிறந்த நாள்லருந்து வள்ளம் வாறதைப் பாக்கேன், இப்படி தடுமாறி நான் பாத்ததே இல்ல.

என்ன செய்றாவ, ஏன் வரமாட்டுக்காவன்னு ஒருத்திக்கும் விளங்கல. ஒருத்தி எஞ்சின் பழுதுங்கா. ஒருத்தி வலை சிக்கிருச்சுங்கா. நான் எங்க வீட்டுக்காரவிய ஃபோனுக்கு அடிக்கேன், மணி போகுது, எடுக்கல. ஃபோனை பாலித்தீன் பையில கட்டி பெட்டிக்குள்ள வச்சிருப்பாவ, எப்படி எடுப்பாவ? மண்ணுல உக்காந்துட்டேன்.

அப்ப ஒரு வள்ளம் மட்டும் மூக்கை நேரா வச்சுது. முழு வேகத்துல வருது. தொம்மை வள்ளம். பவுலினாவுக்கு அடையாளம் தெரிஞ்சிருச்சு. வந்துட்டாவ, வந்துட்டாவன்னு கையைத் தூக்குதா. வள்ளம் ஒரு அலையில ஏறுச்சு பாருங்க, மூக்கு வானத்தைப் பாத்து நிக்குது. பின்னால எங்க மாடி பால்கனியில நின்ன குடும்பம் அதைப் பாத்துட்டுக் கைதட்டுது தம்பி. விளையாட்டுன்னு நினைச்சிட்டாவ. அந்தக் கைதட்டல் சத்தம் இப்பவும் என் காதுல கேக்கு.

அலை இறங்கினதும் வள்ளம் பாறை மேல விழுந்துச்சு.

சத்தம் கரை வரைக்கும் கேட்டுச்சு. அப்படியே குப்புறக் கவுந்துருச்சு. கூடப் போன ரெண்டு பேரும் நீந்தி வாறது தெரியுது. தொம்மையைக் காணல. கத்துதாவ, எல்லாரும் கத்துதாவ. நானும் கத்துதேன். ஏன் தம்பி, தொம்மைக்கு அந்த வாசல் தெரியாதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் வருவான். அவன் எதைப் பாத்து வந்தான்?

பவுலினாதான் முதல்ல திரும்பினா. கடலைப் பாத்துக்கிட்டு இருந்தவ முதுகைக் காட்டித் திரும்பி ஊரைப் பாத்தா. தெக்கலருந்து வடக்க ஒவ்வொரு வீடாப் பாத்துட்டு வாறா. அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டா.

“யக்கா, உன் வீட்டை எங்க?”

மெதுவாத்தான் கேட்டா. ஆனா பக்கத்துல நின்னவ திரும்பினா, அதுக்குப் பக்கத்துல நின்னவ திரும்பினா, கரையில நின்ன அத்தனை பேரும் கடலை விட்டுட்டுத் திரும்பி எங்க வீட்டைப் பாக்காவ. மழைக்குள்ள எங்க வீடு இருக்க இடமே தெரியல. வெள்ளை. வானமும் வெள்ளை, வீடும் வெள்ளை. சிலுவை மட்டும் அந்தரத்துல நிக்கிது. அதுக்கு வடக்க, பலகைச் சவாரி சொல்லிக் குடுக்குறான்லா, அந்தப் பையன் மழைக்குக் கொட்டகை மேல ஒரு தார்ப்பாயைக் கட்டியிருந்தான். புதுத் தார்ப்பாய். ரோஸ் கலரு.

தொம்மை அதைத்தான் எங்க வீடுன்னு நினைச்சு வந்திருக்கான்.

இப்ப சொல்லுங்க, அந்தப் பையன் மேல தப்பு இல்லையா? உலகத்துல எத்தனை கலரு இருக்கு, அவனுக்கு ரோஸ்தான் கிடைச்சுதா? அவனை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. வெளியூர்க்காரன், அவனுக்கென்ன தெரியும்னு விட்டுட்டாவ.

எனக்கு அந்த நேரம் உசுரு இல்ல தம்பி. கடலுக்குக்கூட நான் அப்படி பயந்ததில்ல. அத்தனை மூஞ்சியும் வீட்டைப் பாத்துட்டு அப்படியே என்னைப் பாக்குது. யாரும் அடிக்க வரல, ஏசல. பாக்காவ, அவ்வளவுதான். நான் பாட்டுக்கு, பெயிண்டர் சாயங்காலம் இன்னொரு கோட்டு அடிக்கணும்னு சொன்னான்னு என்னமோ உளறுதேன்.

பவுலினா ஓடினா. புருசன் பாறைக்குக் கீழ கிடக்கான், இவ கடலைப் பாத்து ஓடல. கொட்டகையைப் பாத்து ஓடினா. தார்ப்பாயைப் பிடிச்சு இழுக்கா, கயிறு அறுந்து வருது. கூட நாலஞ்சு பேரு. அதைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சிட்டாளுக. செருப்புக்காலோட, சேறோட, புதுசா அடிச்ச சுவரெல்லாம் கையை வச்சுக்கிட்டு மாடி ஏறுதாளுக. மாடியில தங்கியிருந்தவங்க பயந்து பாத்ரூமுக்குள்ள போயி தாப்பாள் போட்டுக்கிட்டாங்க. பால்கனி கம்பி மேல தார்ப்பாயைத் தொங்கவிட்டு, காத்துல பறக்காம இருக்க பவுலினா கம்பிக்கு வெளிய ஒரு காலை வச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சிக்கிட்டு நின்னா. வாய்விட்டு அழுதுட்டே பிடிச்சிருந்தா. அந்தக் கம்பி இன்னைக்கும் வளைஞ்சுதான் இருக்கு, மேல போகும்போது பாருங்க.

நான் கரையில மண்ணுலயே இருந்தேன். எங்க வீட்டுக்காரவிய வள்ளம் திரும்புது. மூக்கை வைக்குது. என்னைப் பெத்த மாதாவே, என் தாலியைக் காப்பாத்துன்னு கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணைத் தொறந்தா வள்ளம் வாசலுக்குள்ள வந்துட்டு. அதுக்குப் பின்னால ஒவ்வொண்ணா எல்லாம் வந்துட்டு. ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்ல.

தொம்மை பக்கத்து ஊர்க் கரையில ஒதுங்கினான். அவன் கிடைக்குற வரைக்கும் வள்ளம் ஒண்ணும் மீன் பிடிக்கப் போகல, எல்லாம் அவனைத் தேடத்தான் போச்சு. அதுவும் ஊர்க் கட்டுப்பாடு. கடற்கரையில ஒரு பலகை இறங்கல, ஒரு கடை திறக்கல. எனக்கு கிறிஸ்துமஸ் லீவு புக்கிங் ஒண்ணு பாக்கியில்லாம கேன்சல் ஆச்சு. நான் வாயைத் திறந்தேனா? திறக்கல.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் காலையில கதவைத் தட்டுவாவன்னு பாத்தா, தட்டல. சர்ரு சர்ருன்னு சத்தம் கேக்கு. ஜன்னல் இடுக்கு வழியாப் பாத்தேன். ஊர் ஆம்பளைக ஏணியைப் போட்டு சுவருல நிக்காவ. ரோஸ் பெயிண்ட் வாளி நாலஞ்சு கீழ இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் தாப்பாளைப் போட்டுக்கிட்டு இதே ரூம்ல, நீங்க உக்காந்திருக்க இடத்துல, சுவருல முதுகைக் குடுத்து உக்காந்திருந்தேன். தலைக்கு மேல பிரஷ் சத்தம் போகுது, வருது. பேச்சே இல்ல. நாப்பது அம்பது பேரு வேலை பாக்க இடத்துல பேச்சே இல்லன்னா எப்படி இருக்கும்? என்னை உள்ள வச்சு மூடுற மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் டீ போட்டு வெளிய வச்சேன். ஆறிப்போயி அப்படியே இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரவியளும் ஏணியில நின்னாவ தம்பி. அவியதான் மாடிச் சுவரை அடிச்சாவ.

அதுலருந்து வருசா வருசம் மழைக்கு முன்னாடி வந்து அடிச்சிட்டுப் போயிருவாவ. எனக்குப் பெயிண்ட் செலவு மிச்சம்னு வச்சுக்கிடுங்க. எங்க வீட்டுக்காரவிய கடலுக்குப் போறதை விட்டுட்டாவ. நான்தான் விடச்சொல்லி அழுதேன். வள்ளத்தை வித்தாச்சு. இப்ப வாறவங்களுக்கு அந்த பிளாஸ்டிக் ஓடத்தை, துடுப்பு போடுவாங்கள்லா, அதை எடுத்துக் குடுத்துட்டு உக்காந்திருக்காவ. எங்கிட்டயும் பேச்சு குறைஞ்சுபோச்சு. வயசாகுதுல்லா.

பவுலினாவா? எங்கிட்ட நல்லாத்தான் இருக்கா. ஒரு சொல்லு சொன்னதில்ல. சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, நாலு வார்த்தை ஏசிட்டுப் போயிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவ மகன் ஜோவின் இப்ப வள்ளம் ஓட்டுதான். வள்ளம் வார நேரம் கரையில எல்லாரும் கடலைப் பாத்து நிப்பாவ. இவ மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எங்க வீட்டைப் பாத்து நிப்பா. மகன் கரையில கால் வைக்குற வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டா. நான் ஜன்னலைச் சாத்திக்கிடுவேன். என்ன பாக்கா? வீடு எங்க போயிரும்?

சரி, விஷயத்துக்கு வாறேன். நேத்து ஃபோன்ல நீங்க சொன்ன கணக்கை நான் ராத்திரி பூரா யோசிச்சேன். கடல் வருமானம் இல்ல. புது ரிசார்ட் ஒண்ணு வேற வருது. மாடியில போன மாசம் ஒருத்தரும் தங்கல. இப்படியே விட்டா நாங்க சாப்பிடணுமா வேண்டாமா? வெள்ளை அடிச்சாத்தான் ஆள் வரும்னு நீங்களே சொல்லுதிய, படிச்ச பிள்ளை. அடிச்சிருவோம். இப்ப ஜோவின் மாதிரி பிள்ளைக எல்லாம் பெரிய பெரிய ஃபோன் வச்சிருக்கானுவ. எங்க வீட்டைப் பாத்துத்தான் வரணும்னு அவனுக்கு என்ன தலையெழுத்து? எங்க வீட்டு ஆளும் கடல்ல இல்ல. இனிமே எனக்கென்ன பயம்?

பயமெல்லாம் அந்த மூஞ்சிகளை நினைச்சுத்தான். ஆம்பளைக கரையில இருந்தா ஏணியை வைக்கவிடமாட்டாவ. மறுபடியும் எல்லாரும் கூடி நின்னு என்னைப் பாத்தா என்னால தாங்க முடியாது தம்பி.

அதனால நான் சொல்லுத மாதிரி செய்யுங்க. எங்க வீட்டுக்காரவியள மக வீட்டுக்கு அனுப்பிருதேன். பெயிண்டர்மாரை வெளியூர்லருந்தே கூட்டிட்டு வாங்க. திங்கக்கிழமை விடியக்காலையில எல்லா வள்ளமும் தங்கலுக்குப் போயிரும், புதன்கிழமைதான் திரும்பும். அந்த இடைப்பட்ட நாள்ல வேலையை முடிச்சிருங்க. ஒருத்தரும் கரையில இருக்கமாட்டாவ.